அகலாத அகலம்

ஒட்டானியெமி. நள்ளிரவு கடந்து பதினேழு நிமிடம்.
கடைசி மெட்ரோ பாறைக்கடியில் போய்விட்டது.
உறைந்த கடலின் மேல்
யாரோ சறுக்கிப் போன தடம், இரண்டு கோடு.
எனக்கு வேண்டியது ஒன்று.

வெளியே மைனஸ் இருபத்திநாலு.
எங்கள் சில்லுக்கு அது அடுப்படி.
ஹீலியக் குடுவைக்குள், நாலு கெல்வினில்,
நயோபியத் தகடு இரண்டு;
நடுவே, மயிரிழையைப் பல்லாயிரமாய் வகிர்ந்த மென்மையில்
ஓர் ஆக்சைடுத் திரை.
அதன் நெடுகிலும் காந்தச் சுழல்கள்
ஒன்றன்பின் ஒன்றாய் ஓடி, கரையில் மோதி,
கண்ணுக்குத் தெரியாத ஒளியாய்க் கழல்கின்றன.
தடையே இல்லாதது என்று பேரெடுத்த உலோகம்தான்.
ஆனாலும் ஒரு மைக்ரோவோல்ட் பிசகினால்
சுருதி ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும்.

மூன்று வாரமாய்த் திரையில் கோடு கொழுத்திருக்கிறது,
அழுது தூங்கி எழுந்த முகம்போல.

ஆளைத் தேடினேன்.
முதலில் மெட்ரோ; அதனால்தான் இந்த ராத்திரிக் காவல்.
பிறகு ட்யூப்லைட். அணைத்தேன்.
விசிறி. நிறுத்தினேன்.
சுவர் மின்சாரமே வேண்டாம், பேட்டரி போதும் என்றேன்.
இல்போவின் கைபேசி கழிவறையில், பிஸ்கட் டப்பாவுக்குள்.
இல்போவின் உருளை நாற்காலி.
யோசிக்கும்போது அவன் முனகும் மெட்டு
(முனகுவது அவனுக்கே தெரியாது).
கடைசியில் இல்போ.
"கொஞ்சம் தாழ்வாரத்தில் நில்லேன்."
கோபிக்கவில்லை.
பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
காலுறையோடு போனான்,
எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவன்.

ஒடுங்கியது கோடு. பாதிக்கும் கீழே.
பிறகு நின்றுவிட்டது.
நூற்றெண்பது கிலோஹெர்ட்ஸ்.
நானும் வெளியே வந்தேன்,
என் மூச்சையும் எடுத்துக்கொண்டு.
ஆளில்லாத அறையில் கருவி தானே அளந்தது.
நூற்றெண்பது.
அகலாத அகலம்.

இல்போ தாளை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தான்.
"உருவத்தைப் பார்த்தாயா, தெர்ஹி?"
பார்க்கவில்லை. அகலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அது மணி:
தோள் உருண்டு, சட்டென்று சரியும்.
வெளியே யாரோ மெதுவாய்ப் பிடித்து ஆட்டினால்
அப்படித்தான் இருக்கும்.
இன்று உச்சி கூர்ந்திருக்கிறது;
இரு பக்கமும் ஓரங்கள்
தரையோடு சேர மனமில்லாமல்
நீண்டுகொண்டே போகின்றன.
இது ஆட்டப்பட்டதல்ல. ஆடுவது.

நாலு என்றால் நாலு; சுழியம் அல்ல.
அந்த நாலில் மிச்சமிருக்கும் வெப்பம்
ஓடும் ஒவ்வொரு சுழலையும்
முதுகில் தொட்டுத் தொட்டு அனுப்புகிறது.
நுண்ணிய தொடுகை, கணக்கற்ற தொடுகை,
எதற்கும் அடுத்ததைப் பற்றி நினைவில்லை.
எந்தக் கதவை நான் சாத்த?

உள்ளே போய் மின்னோட்டத்தை மெல்ல இறக்கி
மின்னழுத்தம் அசைய மறுக்கும் படியொன்றில் நிறுத்தினேன்.
எழுபது.
அதற்கும் கீழே படி இல்லை.
எழுபதை வெறித்துக்கொண்டு
ஆறிய காபியைக் குடித்தோம்.
அவன் சட்டைப்பையில் உப்பு லைகோரைஸ் இருந்தது, நூலொட்டி.

குறிப்பேட்டில் "காரணம்" என்ற கட்டத்தில்
எழுதி எழுதி நெரிந்த பெயர்கள்:
மெட்ரோ, விளக்கு, விசிறி, இல்போ.
அடியில் இடம் தேடி எழுதினேன்: அதுவே.
தன் பெயர் மேல் இல்போ ஒரு கோடு அடித்தான்.
அதுவும் நேராக இல்லை.

ஐந்தரைக்குப் பாறை தொண்டையைச் செருமியது.
முதல் மெட்ரோ.
திரையில் தோள்கள் உருண்டு எழுந்தன.
இல்போ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
முனக ஆரம்பித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.